கோலாலம்பூரில் மூன்றாவது வாரம்: புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு

படிக்கவோ வேலைக்கோ கோலாலம்பூர் வந்தவர்களுக்கு முதல் வாரம் போவதே தெரியாது. அறைச் சாவி வாங்குவது, மெத்தை தேடுவது, எந்த ஸ்டேஷனில் எல்ஆர்டி மாறுவது என்று ஓட்டத்திலேயே கழிந்துவிடும். இரண்டாவது வாரத்திலும் புதுமோகம் கொஞ்சம் மிச்சமிருக்கும். மூன்றாவது வாரம், சனிக்கிழமை சாயங்காலம், அது வரும். அறைத்தோழன் ஊருக்குப் போயிருப்பான். கீழே மாமாக் கடையில் பந்து பார்க்கிற கூட்டம் ஓவென்று கத்தும். அம்மா போன் அடித்து, "சாப்டியாய்யா?" என்பார். "சாப்டேன்மா" என்று சொல்லிக்கொண்டே, மேசைமேல் பிரிக்காமல் கிடக்கும் மெகி பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

நான் 19 வயதில் பேராக்கில் ஒரு தோட்டத்திலிருந்து செத்தாப்பாக்கில் ஒரு வாடகை அறைக்கு வந்தவன். என்னுடைய மூன்றாவது வாரம் ஐந்து மாதம் நீடித்தது. அப்புறம் இங்கேயே தங்கிவிட்டேன். ஊர்ப் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு அறை பார்த்துக் கொடுப்பதும், முதல் ஓரிரு மாதம் அவர்கள்மேல் ஒரு கண் வைத்திருப்பதும் எப்படியோ என் வேலையாகிவிட்டது. தனிமையில் மனசு கனக்கும்போது என்ன செய்வது என்று அவர்களிடம் வாய் வலிக்கச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை, கவுன்சலரும் இல்லை. ஆனால் எந்தக் கதவை எப்போது தட்டலாம் என்று தெரியும்.

முதலில் வயிறும் தூக்கமும்

இதைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் யாரும் கேட்பதில்லை. பதின்ம வயதினருக்கு இரவில் 8 முதல் 10 மணி நேரமும், 18 தாண்டியவர்களுக்கு 7 முதல் 9 மணி நேரமும் தூக்கம் வேண்டும். அதிகாலை 3 மணிக்கு வாழ்க்கையைப் பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள். அந்த நேரத்தில் எனக்கு உறுதியாகப் பட்டதெல்லாம் மறுநாள் பசியாறிய பிறகு வேறு மாதிரிதான் தெரிந்திருக்கிறது. வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டால் ஒரு சின்ன ரைஸ் குக்கர் வாங்குங்கள். சோறு, அவித்த முட்டை, வீட்டிலிருந்து வந்த ஊறுகாய் போதும்.

அடுத்து மை50 அட்டை. மலேசியக் குடிமக்களுக்கு 50 வெள்ளியில் (ரிங்கிட்) 30 நாளைக்கு எல்ஆர்டி, எம்ஆர்டி, ரேபிட் பஸ் எல்லாவற்றிலும் கணக்கில்லாமல் போகலாம். பயணத்தில் மிச்சம் பிடிக்கலாம் என்பது ஒருபுறம் இருக்கட்டும், "வெளியே போனால் காசாகுமே" என்று அறையில் முடங்கிக் கிடப்பதற்கான சாக்கு போய்விடும். தித்திவங்சா ஏரிப் பூங்காவுக்குப் போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். மனசு சரியான பிறகு நடக்கப் போகலாம் என்று காத்திருந்தால் போகவே மாட்டீர்கள். மனச்சோர்வுக்குச் சிகிச்சை தருகிறவர்களும் ஏறக்குறைய இதைத்தான் செய்யவைக்கிறார்கள்: மனநிலை சரியாகட்டும் என்று காத்திராமல், சின்னச் சின்ன வேலைகளுக்கு நாளும் நேரமும் குறித்துச் செய்யச் சொல்கிறார்கள். கால் முன்னால் போனால் மனசு கொஞ்சம் தாமதமாகப் பின்னால் வரும்.

ஒரு தாளை நடுவில் மடியுங்கள்

இனி நிதானமாகச் சொல்கிறேன். மனம் கனத்திருக்கும்போது நம்மை அமுக்குவது பெரும்பாலும் ஒரு பிரச்சினை அல்ல, ஆறேழு பிரச்சினைகள் ஒன்றாகத் திரண்ட ஓர் உருண்டை. அதைப் பிரிக்க வேண்டும். கைப்பேசியில் வேண்டாம், தாளில் எழுதுங்கள். போன வருடம் ஒரு தம்பி எழுதியதை, ஆளை அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றித் தருகிறேன்:

பிடிபிடிஎன் (அரசாங்கக் கல்விக் கடன்) காசு இன்னும் வரவில்லை. அறைத்தோழன் இரவு 2 மணி வரை சத்தம்போட்டு கேம் விளையாடுகிறான். வகுப்பில் ஆங்கிலம் பாதிதான் புரிகிறது. ஊரில் தாத்தா படுத்த படுக்கையாக இருக்கிறார். அவள் பதில் போடுவதில்லை. நான் எதற்கும் லாயக்கில்லை.

இப்போது தாளை மடித்து, இடது பக்கம் நம்மால் மாற்றக்கூடியவை, வலது பக்கம் மாற்ற முடியாதவை என்று பிரியுங்கள். காசு, அறைத்தோழன், ஆங்கிலம் மூன்றும் இடது. தாத்தாவும் அந்தப் பெண்ணும் வலது. கடைசி வரியை எந்தப் பக்கம் போடுவது என்று அவன் கேட்டான். அதை எங்கேயும் போடாதே, மற்ற ஐந்தும் சேர்ந்து உன்னைக் களைக்க வைத்ததில் வந்த புலம்பல் அது என்றேன். பாதி நம்பினான்.

நான் கண்டுபிடித்த வித்தை இல்லை இது. ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் மனிதர்கள் நெருக்கடியைச் சமாளிக்கும் வழிகளை 1980களில் இப்படித்தான் பெரிதாக இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று, பிரச்சினையையே கையிலெடுத்துத் தீர்ப்பது. இன்னொன்று, அது நமக்குள் எழுப்பும் உணர்ச்சியை ஆற்றுவது. இரண்டுமே வேண்டியவை. நாம் இடம் மாற்றிப் போடும்போதுதான் சிக்கல். கடன் காசு வராததற்கு "எல்லாம் நல்லதுக்கே" என்று மேற்கோள் படம் பகிர்ந்துகொண்டிருப்போம். அதற்கு வேண்டியது கல்லூரி நிதிப் பிரிவுக்குப் போய், கட்டணத்தைத் தவணையாகக் கட்ட முடியுமா என்று கேட்பது. தாத்தாவின் நோய்க்கோ, ராத்திரி முழுக்க இணையத்தில் மருந்து தேடுவோம். அதற்கு வேண்டியது அழுவதும், வெள்ளிக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவதும்.

காசு என்றதும் ஒரு பக்கக் குறிப்பு. வேலைக்கு வந்து, கிரெடிட் கார்டிலோ தவணைக் கடனிலோ மாட்டிக்கொண்டவர்கள் ஏகேபிகே என்ற நிறுவனத்துக்குப் போங்கள். 2006-இல் பேங்க் நெகாரா அமைத்தது. கடனைச் சீர்செய்ய இலவசமாக ஆலோசனை சொல்வார்கள். ஆலோங் (சட்டவிரோத வட்டிக்காரர்) விளம்பரத்தில் இருக்கும் நம்பருக்கு மட்டும் அடிக்காதீர்கள். அதற்கப்புறம் உங்கள் மனநலத்தோடு உங்கள் அம்மாவின் மனநலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

வலது பக்கத்துக்கு என்னென்ன செய்யலாம்? மூச்சை மூன்று எண்ணும்வரை இழுத்து ஆறு எண்ணும்வரை விடுவது, பத்து முறை. வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். எல்ஆர்டியில் நின்றுகொண்டே செய்யலாம், யாருக்கும் தெரியாது. எழுதுவது இன்னொன்று. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1980களில், மனத்தை அலைக்கழித்த ஒன்றைப் பற்றித் தொடர்ந்து 4 நாள், தினமும் 15 நிமிடம் மாணவர்களை எழுதவைத்துப் பார்த்தார். எழுதும்போது மனசு கலங்கினாலும் பிற்பாடு உடலும் மனமும் தேறியதைக் கண்டார். எழுத்துப் பிழை பார்க்க வேண்டாம், யாரிடமும் காட்டவும் வேண்டாம். கோயிலில் போய் உட்காருவதும் இந்தக் கணக்கில்தான் வரும். ஜாலான் துன் எச்.எஸ். லீயில் இருக்கும் மாரியம்மன் கோயிலில் வேலைநாள் மதியம் கூட்டம் குறைவு. நான் அங்கே சாமி கும்பிட்டதைவிடச் சும்மா உட்கார்ந்திருந்ததுதான் அதிகம்.

பீர் இந்தக் கணக்கில் வராது. அன்றைக்கு ஆற்றுகிற மாதிரி இருக்கும், அதற்கு விலையாக மறுநாளை எடுத்துக்கொண்டு போய்விடும். தூக்கத்தையும் கெடுக்கும். இதற்குமேல் பேசினால் மாமா உபதேசம் ஆகிவிடும்.

ஆள் கணக்கு

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. யாரோ ஒருவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, அவர் எல்லாவற்றுக்கும் உதவவில்லை என்று மனம் உடைவதுதான் இந்த வயதில் அதிகம் நடக்கிறது. அந்த ஒருவர் பெரும்பாலும் காதலனோ காதலியோ, அல்லது பள்ளியில் எஸ்பிஎம் பரீட்சை வரை கூடப் படித்த உயிர்த்தோழியோ. அவரும் 20 வயதுதான். அவருக்கும் பரீட்சை இருக்கிறது.

உதவி நாலு விதம். காது கொடுக்கிறவர். கை கொடுக்கிறவர்: காய்ச்சல் வந்தால் கஞ்சி வாங்கிவருவார், அவசரத்துக்கு 50 வெள்ளி தருவார். வழி சொல்கிறவர்: பாரத்தை எங்கே கொடுப்பது, எந்த லெக்சரரிடம் எப்படிப் பேசுவது என்று தெரிந்தவர். அப்புறம் சும்மா கூட இருக்கிறவர்: உங்கள் கவலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார், ஆனால் அவரோடு ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வந்தால் நெஞ்சு லேசாகியிருக்கும். அதே தாளின் பின்பக்கத்தில் இந்த நாலையும் எழுதி, எதிரே பெயர் போடுங்கள். கைப்பேசியில் முந்நூறு பெயர் இருந்தாலும் இங்கே ஏதாவது ஒரு வரி காலியாகத்தான் இருக்கும். எனக்கு 'வழி சொல்கிறவர்' காலி. தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் வந்த முதல் தலைமுறைப் பிள்ளைகள் பலருக்கும் அதுதான் காலி. வீட்டில் அன்பு இருக்கும், ஆனால் செமஸ்டர் என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் இருக்க மாட்டார்கள்.

காலியாக இருப்பதைக் கஷ்டம் வருவதற்கு முன்பே நிரப்ப வேண்டும். வெள்ளம் வந்த பிறகு படகு செய்ய முடியாது. எங்கே போய் நிரப்புவது? அறிமுகக் கூட்டங்களில் ஒன்றும் நடப்பதில்லை, கையோடு கை சேர்ந்து வேலை செய்கிற இடங்களில்தான் நடக்கிறது. கல்லூரித் தமிழ்ப் பேரவையில் மேடைக்கு நாற்காலி அடுக்குகிற குழு, வட்டார மணிமன்றம், ஃபுட்சல் அணி, உறுமி மேளக் குழு, கோயிலில் பாத்திரம் கழுவுகிற அக்காமார். தைப்பூசத்துக்கு முந்தைய இரண்டு நாள் பத்துமலைப் பக்கம் ஏதாவது ஒரு தண்ணீர்ப் பந்தலில் எலுமிச்சைப் பழம் பிழிந்து பாருங்கள். 272 படி ஏறி இறங்கி வருகிற கூட்டத்துக்கு விடிய விடிய கப் நிரப்பிக் கொடுத்தவர்கள் அதற்கப்புறம் ஒருவரையொருவர் மறப்பதில்லை. எனக்கு முதல் 'வழி சொல்கிறவர்' அப்படித்தான் கிடைத்தார். சர்க்கரைப் பாகு கிண்டிக்கொண்டிருந்த அண்ணன், எங்கள் பல்கலைக்கழகத்திலேயே முதுகலை படித்துக்கொண்டிருந்தார்.

சின்ன உறவுகளையும் தள்ளிவிடாதீர்கள். கீழே கடையில் உங்களைப் பார்த்ததும் "தே ஓ ஐஸ் லிமாவ்தானே?" என்று கேட்கிற அண்ணன், காவலாளி, துணி துவைக்கிற கடை ஆன்ட்டி. நம்மைப் பெயரளவிலாவது தெரிந்தவர் நாலு பேர் ஒரு தெருவில் இருந்தால் அந்தத் தெரு நம்முடையதாகிவிடும்.

எப்படிக் கேட்பது

ஆள் இருந்தும் வாய் வராது. "ஃப்ரீயா?" என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு செய்தி போடுவோம். அவர் இரண்டு மணி நேரம் கழித்து, "சொல்லு, என்னா?" என்பார். "ஒண்ணும் இல்ல, சும்மா" என்று முடித்துக்கொள்வோம். அப்புறம் "யாருமே இல்லை எனக்கு" என்று படுத்திருப்போம். இதில் அவர் குற்றம் என்ன?

என்ன வேண்டும் என்பதையும் எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இப்படி:

"அக்கா, ஞாயிற்றுக்கிழமை காலைல அரைமணி நேரம் பேச முடியுமா? கொஞ்ச நாளா மனசு சரியில்ல. ஐடியா எதுவும் சொல்ல வேணாம், கேட்டா போதும்."

அல்லது, "மச்சான், இன்னிக்கு அறையில தனியா இருக்க முடியல. நீ படி, நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். பேச வேணாம்."

இரண்டாவது செய்தியை எனக்கு ஒரு தம்பி அனுப்பினான். நான் வேலை பார்த்தேன், அவன் தரையில் படுத்துத் தூங்கிவிட்டான். நான்கு மணி நேரம். எழுந்து, "சரிண்ணே, வரேன்" என்று போய்விட்டான். அன்றைக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

முதல் ஆள் முடியாது என்றால் சுணங்க வேண்டாம். அவருக்கு அன்றைக்கு முடியவில்லை என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். தாளில் அடுத்த பெயர் இருக்கிறது. அதற்குத்தான் தாள்.

வீட்டில் சொல்வதா வேண்டாமா

எல்லாரும் கேட்கிற கேள்வி. "சொன்னா பயந்துடுவாங்க. உடனே திரும்பி வான்னு சொல்லிடுவாங்க." நியாயமான பயம்தான். அம்மாவிடம் "எனக்கு டிப்ரஷன்" என்று ஆரம்பித்தால் அவர் காதில் விழுவது வேறு ஏதோ ஒன்று. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்பார், அல்லது உனக்கு என்ன குறை வைத்தோம் என்று அழுவார். நோயின் பெயரை விட்டுவிட்டு நடப்பதைச் சொல்லுங்கள்: "அம்மா, ரெண்டு வாரமா சரியா தூக்கம் வரல. சாப்பாடு இறங்கல. பாடத்துல கவனம் நிக்கல. கவுன்சலர் ஒருத்தர்கிட்ட பேசலாம்னு இருக்கேன். பயப்படாதீங்க, உங்ககிட்ட மறைக்கக் கூடாதுன்னுதான் சொல்றேன்." தூக்கம், சாப்பாடு என்றால் அம்மாவுக்குப் புரியும். என்ன செய்யப்போகிறோம் என்பதையும் சேர்த்தே சொல்வதால் "திரும்பி வா" என்பது பாதி குறையும்.

சில வீடுகளில் வீடே பிரச்சினையாக இருக்கும். அடி, குடி, ஓயாத சண்டை. அங்கே இந்த வசனமெல்லாம் உதவாது. சித்தி, மூத்த அண்ணன், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் என்று நம்பிக்கையான ஒரு பெரியவரைத் தேர்ந்தெடுத்துச் சொல்லுங்கள். வீட்டில் வன்முறை என்றால் 15999, தாலியான் காசே என்ற அரசாங்க உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

ஆறுதலே சுமையாகும்போது

தங்கைமார்களுக்கு இது கொஞ்சம் அதிகம் பொருந்தும். இரண்டு தோழிகள் தினமும் இரவு 12 மணிக்குப் பேசுவார்கள். அவன் ஏன் அப்படிச் சொன்னான், அதற்கு என்ன அர்த்தம், இதற்கு முன்னாலும் இப்படித்தானே செய்தான் என்று அதே புண்ணைத் தினமும் கிளறுவார்கள். நட்பு இறுகும், ஆனால் இருவருமே முன்பைவிடச் சோர்ந்து போவார்கள். அமாண்டா ரோஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2002-இல் மாணவ மாணவியரிடம் இதை ஆராய்ந்து தனிப் பெயரே வைத்தார். தமிழில் 'கூட்டு அசைபோடல்' என்று சொல்லலாம்.

பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இருபது நிமிடம் புலம்பலாம், அதற்குமேல் "சரி, நாளைக்கு என்ன செய்யப்போறோம்?" என்று ஒருவர் கேட்க வேண்டும். யார் கேட்பது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம். விளையாட்டாகத் தோன்றினாலும் வேலை செய்கிறது.

எப்போது கிளினிக்குக்குப் போவது

கணக்கு எளிது. சோகமோ பதற்றமோ எதிலும் ஒட்டாத தன்மையோ ஏறக்குறைய தினமும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, வகுப்பையோ வேலையையோ தூக்கத்தையோ கெடுத்தால் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது. நீங்கள் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். சுகாதார அமைச்சு 2022-இல் நாடு முழுவதும் 13 முதல் 17 வயது மாணவர்களிடம் எடுத்த ஆய்வில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு தெரிந்தது. உங்கள் வகுப்பறையில் ஒரு வரிசையை எண்ணிப் பாருங்கள்.

இடைநிலைப் பள்ளியில் இருந்தால் முதல் கதவு வழிகாட்டி ஆலோசனை ஆசிரியர். கல்லூரி, பல்கலைக்கழகம் என்றால் அங்கேயே இருக்கும் கவுன்சலிங் பிரிவு. பெரும்பாலும் மாணவர்களுக்கு இலவசம். பரீட்சை மாதத்தில் வரிசை நீளும், அதனால் செமஸ்டர் தொடக்கத்திலேயே ஒரு முறை போய் முகம் காட்டிவிட்டு வாருங்கள்.

வேலை செய்கிறவர்களுக்கு அரசாங்க சுகாதார கிளினிக். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள், குடிமக்களுக்கு 1 வெள்ளி. முகப்பில் எல்லார் முன்னாலும் காரணம் சொல்லக் கூச்சமாக இருந்தால் "தூக்கம் வரவில்லை, டாக்டரைப் பார்க்கணும்" என்பது போதும். மிச்சத்தை உள்ளே டாக்டரிடம் சொல்லுங்கள். வீட்டிலேயே இரண்டு வரி மலாயில் எழுதிக்கொண்டு போனால் அந்த இடத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளாது. பெரும்பாலும் ஒரு தாள் கொடுப்பார்கள்: கடந்த 2 வாரத்தில் ஆர்வம் குறைந்ததா, தூக்கம் எப்படி, பசி எப்படி என்று ஒன்பது கேள்வி. அது பரீட்சை இல்லை, நல்ல பிள்ளையாகப் பதில் போட வேண்டாம். நான் முதல் முறை எல்லாவற்றுக்கும் 'இல்லவே இல்லை' என்று வட்டம் போட்டுவிட்டு, தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தவன். தேவைப்பட்டால் அங்கிருந்தே மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கடிதம் எழுதித் தருவார்கள். 18 வயதுக்குக் கீழே இருந்தால் சிகிச்சைக்குப் பொதுவாகப் பெற்றோரோ காப்பாளரோ ஒப்புதல் தர வேண்டியிருக்கும். தயங்காமல் போய்க் கேளுங்கள், அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்பதற்கும் அவர்களே உதவுவார்கள்.

மாத்திரை கொடுத்தால் இரண்டு நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். மனச்சோர்வு மருந்துகள் வேலை செய்யச் சில வாரம் ஆகும். நன்றாக இருக்கிறதே என்று நீங்களாகச் சட்டென்று விடவும் கூடாது.

தனியாரிடம் போகிறீர்கள் என்றால் ஒரு அமர்வுக்குப் பெரும்பாலும் 100 வெள்ளிக்கு மேல் ஆகும். பதிவு பெற்றவரா என்று பாருங்கள். 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்நாட்டில் கவுன்சலர் என்று பெயர் போட்டுக்கொள்ள வாரியத்தில் பதிவு வேண்டும். பெயருக்குப் பின்னால் 'கேபி' என்று ஓர் எண் இருக்கும். இன்ஸ்டாகிராமில் 'மைண்ட் ஹீலர்' என்று இருப்பவருக்கு அது இருக்காது. நீங்கள் சொல்வது அந்த அறையை விட்டு வெளியே போகாது, உங்களுக்கோ பிறருக்கோ உயிராபத்து என்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. முதல் அமர்விலேயே இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம்.

முதலில் பார்க்கிறவர் பொருந்தாமலும் போகலாம். நான் முதன்முதலில் போன ஓர் இடத்தில், "கோயிலுக்குப் போறதுண்டா? நல்லா சாமி கும்பிடு" என்று பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். ஒரு வருடம் வேறு எங்கேயும் போகவில்லை. அந்த ஒரு வருடத்தை நினைத்தால்தான் இப்போதும் வருத்தம். செருப்புக் கடையில் முதல் ஜோடி சேரவில்லை என்று யாரும் வெறுங்காலோடு நடப்பதில்லையே.

உயிரைப் பற்றிய நினைப்பு வந்தால்

உங்களுக்கு வந்தாலும் சரி, நண்பர் யாராவது "நான் இல்லாம போனா நல்லா இருக்கும்" என்கிற மாதிரிப் பேசினாலும் சரி, இதைச் செய்யுங்கள். நண்பரென்றால் நேராகக் கேளுங்கள்: "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. யாராவது கேட்டார்களே என்று நெஞ்சுப் பாரம் இறங்குவதுதான் பெரும்பாலும் நடக்கும். "யாருகிட்டயும் சொல்லாதே" என்று சத்தியம் கேட்டால் செய்து கொடுக்காதீர்கள். "நீ கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல, நீ இருக்கணும்" என்று சொல்லுங்கள். தனியாக விடாதீர்கள். ஆபத்தான பொருள் பக்கத்தில் இருந்தால் அப்புறப்படுத்துங்கள். பெரியவர் ஒருவரை வரவழையுங்கள். உடனடி ஆபத்து என்றால் 999, இல்லையென்றால் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவு. அவசரப் பிரிவில் இதற்காக வந்தேன் என்று சொல்லலாம், அது உடைந்த கால் போலவே ஓர் அவசரம்தான்.

போலீஸ் கேஸாகிவிடும் என்று பயந்து மறைக்கிற வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த குற்றவியல் சட்டத்தின் 309-ஆம் பிரிவை நாடாளுமன்றம் 2023-இல் நீக்கிவிட்டது. இதை உங்கள் அப்பா அம்மாவுக்கும் சொல்லி வையுங்கள்.

பேச மட்டும் ஆள் வேண்டும் என்றால் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர், 03-7627 2929. 1970-இல் தொடங்கியது, பெட்டாலிங் ஜெயாவில் (பிஜே) இயங்குகிறது, 24 மணி நேரமும் இலவசமாகக் கேட்பார்கள், பெயர் சொல்ல வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். தமிழில் பேசுகிறவர் இருக்கிறாரா என்று கேளுங்கள், அந்த வேளையில் இல்லையென்றால் எப்போது அடிக்கலாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். உடனே எடுக்கவில்லை என்றால் வைத்துவிட்டு மறுபடி அடியுங்கள், மழை இரவுகளில் லைன் பிஸியாகத்தான் இருக்கும் என்பது என் அனுபவம். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் லைன் 15555. இந்த எண்களைக் கஷ்டம் வரும்போது தேடிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், இப்போதே பதிந்து வையுங்கள். யாராவது கைப்பேசியைப் பார்த்துவிடுவார்களோ என்று யோசித்தால் வேறு பெயரில் பதியுங்கள்.

என்னுடையதில் பிஃப்ரெண்டர்ஸ் நம்பரின் பெயர் 'பிஜே மாமா'. ஒரு தீபாவளிக்கு ஊர் போயிருந்தபோது, என் கைப்பேசியில் பெரியம்மா நம்பரைத் தேடிக்கொண்டிருந்த அம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "பிஜேல நமக்கு எந்த மாமாய்யா?" அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனவர், சாப்பாட்டுத் தட்டோடு திரும்பி வந்து, "அந்த நம்பர என் போன்லயும் போட்டு வை" என்றார்.